அத்தியாயம் 6: பஞ்சமி இரவில் எண்ணுங்கள்

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் வீடற்றவர்கள் எத்தனை பேர் என்று அமாவாசை இரவில் யாராலும் எண்ண முடியாது. அன்றைக்கு எல்லோருமே தரையில்தான் படுத்திருப்பார்கள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்கச் சென்னை, புதுச்சேரி, வேலூர், பெங்களூர் என்று நாலாபக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகளில் வந்து இறங்கிய கூட்டம், இடம் கிடைத்த பக்கம் துண்டை விரித்துக் கண்ணயரும். விடியற்காலையில் பஸ்கள் கிளம்பும். மறுநாள் குப்பை அள்ளி முடியும். மூன்றாம் பிறை தெரிகிறபோது ஊர் மறுபடி ஊராகியிருக்கும். அதற்குப் பிறகும் மண்டபத் தூணோரத்திலும் பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சிலும் பூட்டிய கடை வாசலிலும் படுத்திருப்பவர் எவரோ, அவருக்கானது இந்த அத்தியாயம்.

ஆகவே பஞ்சமி இரவு எண்ணுங்கள். 11 மணிக்குமேல், இருவராக. அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் காலடியில் அடியுங்கள். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம். எங்கே, ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, காலில் புண் இருக்கிறதா, கூட யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதப் பஞ்சமியில் மறுபடி போங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவர் இந்த ஊரில் வசிக்கிறவர். இரண்டாவதில் மட்டும் இருப்பவர் இந்த அமாவாசைக்கு வந்து திரும்பாதவர். இருவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு என்பதால்தான் இத்தனை சிரமம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணியது ஒரே ஓர் இரவில், பிப்ரவரி 28 அன்று. கிடைத்த எண்ணிக்கை சுமார் 17.7 லட்சம். அந்த ஆண்டு மகாசிவராத்திரி மார்ச் 2-ஆம் தேதி. மாசித் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் இந்த ஊர் மண்டபங்களில் படுத்திருந்தவர்களில் யாரை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

திட்டம் எட்டாத ஊர்

மாநகராட்சி, நகராட்சிக் காப்பகங்களைப் பற்றி முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். 2010 ஜனவரியில் டெல்லிக் குளிரில் வீதியில் படுத்தவர்கள் இறந்ததை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்குகிற காப்பகம் ஒன்று, ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் அப்போதுதான் நாட்டுக்கு வந்தது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கி, ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்றும் வரையறுத்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் காப்பகங்கள் இந்த வழியில் வந்தவை.

அந்த இயக்கத்தின் பெயரில் ‘நகர்ப்புற’ என்ற ஒரு சொல் இருக்கிறது. மேல்மலையனூர் வட்டத் தலைநகர், ஒன்றியத் தலைநகர், மாதாமாதம் லட்சக்கணக்கானோர் வந்துபோகிற ஊர்; ஆனாலும் ஊராட்சிதான். 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஞ்சி பேரூராட்சி. அமாவாசை இரவில் இது மாநகரம், மற்ற நாளில் கிராமம். திட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது கிராமம் மட்டுமே. யாத்திரைத் தலங்கள் பலவற்றின் நிலை இதுதான். தலத்துக்கு வருகிற கூட்டத்தை வைத்துக் காப்பகம் கேட்க வேண்டுமே தவிர, ஊரின் மக்கள்தொகையை வைத்துக் கேட்டால் கிடைக்காது. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது ஆறு மாதப் பஞ்சமிக் கணக்கை இணையுங்கள். வெறும் கோரிக்கை கோப்புக்குள் போய்விடும். கணக்கோடு போகிற மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பு வரும். “காப்பகம் கட்டினால் இன்னும் நாலு பேர் கொண்டுவந்து விடுவான்” என்பார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது, மறுக்க வேண்டாம். தலபுராணத்தை மட்டும் நினைவுபடுத்துங்கள். பிரம்மன் தலையைக் கொய்த பாவத்தால் கபாலம் கையில் ஒட்டிக்கொள்ள, பித்துப் பிடித்துப் பிச்சையெடுத்து ஊர் ஊராக அலைந்தவன் சிவன். அவன் இந்த ஊர் மயானத்துக்கு வந்து சேர்ந்தபோது அம்மன் கவளத்தைத் தரையில் இறைத்தாள். கபாலம் அதைத் தின்ன இறங்கியது, அவன் தெளிந்தான். மாசித் திருவிழாவின் மயானக் கொள்ளையில் நாம் ஆண்டுதோறும் கொண்டாடுவது இதைத்தான். சட்டப் பிரிவு எடுபடாத கூட்டத்தில் இது எடுபடும்.

சோறு இருக்கிறது

இந்த ஊரில் பசியால் யாரும் சாக மாட்டார்கள். கோயிலில் மதிய அன்னதானம் உண்டு. அமாவாசையன்று வேண்டுதல்காரர்கள் போடும் பொட்டலச் சோறு மிஞ்சி நாய்க்குப் போகிறது. காப்பகம் என்றால் முதலில் அடுப்பு மூட்டுவதுதான் நமக்குப் பழக்கம். இங்கே அது இரண்டாம் வேலை. பொட்டலம் கட்டும் அன்பர்களிடம் போய், “அடுத்த மாதம் நூறு பொட்டலத்துக்குப் பதில் ஒரு வீட்டு வாடகை கொடுங்கள்” என்று கேளுங்கள். பத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டால் போதும்.

இங்கே இல்லாதவை நான்கு: கதவுள்ள கழிப்பறை, துணி துவைத்துக் காயப்போட இடம், பையைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி, தன் பெயர் எழுதிய ஒரு காகிதம். பெட்டியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வீதியில் படுப்பவர் பாதி இரவு தூங்காமல் கிடப்பது தலைமாட்டிலுள்ள பைக்காகத்தான். பூட்டும் சாவியும் கொடுத்த முதல் இரவில் அவர் தூங்கும் தூக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

இடத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று ஊருக்கு வெளியே பார்க்காதீர்கள். எலுமிச்சை விற்பது, பூக்கட்டுவது, செருப்பு காப்பது, கடை வாசல் பெருக்குவது என்று அவர்களுக்குக் காசு புரளும் இடம் கோயிலைச் சுற்றித்தான். காப்பகத்தை ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால் நான்காம் நாள் மண்டபத்துக்கே திரும்பிவிடுவார்கள். பிறகு, “இவங்களுக்கு வசதி பண்ணிக் குடுத்தாலும் இருக்க மாட்டாங்க” என்று நாமே பேசுவோம்.

20 பேருக்கென்று தொடங்குங்கள். படுக்கைக்கு 1,000 சதுர அடி. சமையலும் கழிப்பறையும் தனி. பெண்கள் பகுதிக்குத் தனி வாசலும் இரவுப் பணிக்குப் பெண் ஊழியரும் இல்லாமல் ஒரு நாள்கூடத் திறக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டி வந்தால் பிரிக்காதீர்கள். ஓர் அறையைத் தடுத்தாவது கொடுங்கள். கதவு உள்ளேயிருந்து திறக்கிற கதவாக இருக்கட்டும். வெளியே பூட்டுகிற இடத்துக்குப் பெயர் காப்பகமில்லை.

பேச்சு எங்கே தொடங்குகிறது

எண்ணி முடித்த மறுநாள் காலை, டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

“ஆயா, டீ குடிக்கிறீங்களா?”

“வேணாம்ப்பா. பையன் டீ வாங்கியாறேன்னு போயிருக்கான்.”

“எப்ப போனாரு?”

“இப்பதான். ஊஞ்சல் முடிஞ்சுது, இங்கியே குந்தியிருன்னு போனான். வந்துருவான்.”

ஊஞ்சல் முடிந்து ஆறு நாள் ஆகியிருக்கும். “அவன் வரமாட்டான் ஆயா” என்று சொல்லிவிடாதீர்கள். “வர்ற வரைக்கும் நிழல்ல உக்காருங்க, வந்தா நான் கூட்டியாறேன்” என்று சொல்லுங்கள். காப்பகத்துக்கு வர மறுக்கும் பலர் மறுப்பதற்குக் காரணம், இடத்தை விட்டு நகர்ந்தால் பையன் தேடுவானே என்ற கவலைதான். அவர் உட்கார்ந்திருந்த தூணில் காப்பகத்தின் தொலைபேசி எண்ணைச் சாக்பீஸால் அவர் கண்முன்னே எழுதுங்கள். அதற்குப் பிறகு எழுந்து வருவார்.

எந்த ஊர் என்ற கேள்விக்குச் சிலருக்குப் பதில் வராது. மறதியாக இருக்கலாம், மனநோயாக இருக்கலாம், சொல்ல விருப்பமில்லாமலும் இருக்கலாம். மாவட்டம் கேட்காதீர்கள். உங்க ஊர்ச் சந்தை என்ன கிழமை, குலதெய்வம் எது, எந்த ஊருக்கு பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்குவீங்க என்று கேளுங்கள். பேரை மறந்தவருக்கும் சந்தை நாள் மறப்பதில்லை. ஆண்களின் சட்டைக் காலருக்குள் தையல்கடைத் துணி லேபிள் இருக்கும். கடை பெயரும் ஊரும் அதில் உண்டு. மஞ்சப்பைக்குள் மடித்த ரேஷன் கார்டு நகல், ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, வாக்காளர் சீட்டு எதுவேனும் இருக்கக்கூடும். அவர் அனுமதியோடு, அவரையே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், ஆதார் மையத்தில் புதிதாகப் பதிய முயன்று பார்க்கலாம். ஏற்கெனவே பதிந்தவரின் கைரேகை என்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்பே ஒரு துப்பு. அங்கிருந்து மேலே தேடலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். சடைபிடித்த தலையை ஒட்ட வெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை மாட்டி, முன்னும் பின்னும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விடும் ‘மீட்பு’ வேண்டாம். மொட்டை போடுவது இந்த ஊரில் அன்றாடம் நடப்பது. ஆனால் கேட்டுக்கொண்டு போடும் மொட்டை வேறு, பிடித்து வைத்துப் போடும் மொட்டை வேறு. சிகிச்சையிலிருக்கும் மனநோயரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடுக்கிறது.

பேய், மாத்திரை, காவல் நிலையம்

மேல்மலையனூருக்குப் பேய் ஓட்ட அழைத்துவரப்படுகிறவர்களில் மனநோயாளிகள் பலர். அழைத்து வருகிறவர்களுக்கு அலுத்துப்போவதும் உண்டு. ஊஞ்சல் கூட்டத்தில் கையை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மனை நம்பி வந்தவரிடம் அம்மனை இழிவாகப் பேசி மாத்திரை கொடுக்க முடியாது. குணசீலம் பெருமாள் கோயிலில் வழிபாட்டோடு மனநல மறுவாழ்வு மையமும் நடக்கிறது. ஏர்வாடி தர்காவில் துவாவும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. ஏர்வாடி அந்த நிலைக்கு வருவதற்குக் கொடுத்த விலை பெரிது: 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள், 28 பேர். இன்று சங்கிலியிடுவது சட்டப்படி குற்றம், அது யார் வீட்டில் நடந்தாலும், எந்தத் தலத்தில் நடந்தாலும். விபூதி வாங்கிய கையோடு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் பார்க்கும்படி, மாதம் ஒரு நாளாவது கோயிலுக்கு அருகில் முகாம் வேண்டும். அமாவாசைக்கு மறுநாள் வைத்தால் நல்லது.

தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் அலைகிற மனநோயரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடுவதும் நிலையப் பொறுப்பாளரின் கடமை. இதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் எழுத்தரிடம் காகிதத்தைக் காட்டிய பிறகுதான் பேனா நகரும். சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ போல, இதையே தன் வேலையாகச் செய்கிற அணிகளும் உண்டு.

மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. கூட ஆளில்லாமல் வருபவரை எந்த வார்டும் நீண்டநாள் வைத்துக்கொள்ளாது. வீடற்ற மனநோயருக்கென்றே அவசரச் சிகிச்சை, மீட்பு மையங்களைத் தமிழக அரசு தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து சில மாவட்டங்களில் நடத்துகிறது. பக்கத்தில் திருவண்ணாமலையில் ஒன்று உண்டு.

இல்லங்களுக்கு அனுப்பும்போது கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் உரிமமில்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அங்கே விட்ட ஒரு முதியவரைக் காணோமென்று உறவினர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் உள்ளே நடப்பது வெளியே வந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. தேடி வர ஒரு சொந்தம் இருந்ததால் அந்தக் கதவு திறந்தது. நீங்கள் அனுப்பும் ஆயாவுக்கு அப்படித் தேடி வர யாருமில்லை. அந்தச் சொந்தமாக நீங்கள்தான் இருக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பாருங்கள். இருப்பவர்களின் பெயர்ப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒருவரை வேறு இல்லத்துக்கு மாற்றினால் யாருக்குத் தெரிவிப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அங்கே விடாதீர்கள். விட்ட இடத்துக்கு மாதம் ஒருமுறை சொல்லாமல் போய் நில்லுங்கள்.

திருவிழாவுக்கு முன் வேனில் அள்ளிப்போட்டு அடுத்த மாவட்ட எல்லையில் இறக்கிவிடும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது அநியாயம். 1945-ஆம் ஆண்டுப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தைக் காட்டி யாராவது நியாயம் பேசினால், ஆளை வேறு ஊரில் கொண்டுபோய் வீசச் சொல்லி அதில் எந்த வரி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஊருக்கு அனுப்புவதா, வாடகை வீடா

குடும்பம் கிடைத்துவிட்டால் நமக்கு அவசரம் வந்துவிடும். டிக்கெட் எடுத்து பஸ்ஸில் ஏற்றிவிடத் தோன்றும். பொறுங்கள். வழிதவறிப்போனவரா, வேண்டுமென்றே தவறவிடப்பட்டவரா என்று முதலில் தெரிய வேண்டும். அவர் போக விரும்புகிறாரா என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள்; மகன் எதிரில் கேட்டால் எந்தத் தாயும் போகிறேன் என்றுதான் சொல்வார். விரும்பினால் ஒருவர் கூடவே போய், ஒரு மாத மாத்திரையோடு விட்டு, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லிவிட்டு வர வேண்டும். முதியவரைப் பராமரிக்க வேண்டியவரே கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி மூன்று மாதம்வரை சிறை உண்டு. அந்தச் சட்டத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். அதைக் கேட்டுப் பயந்து அழைத்துப்போகிறவன் அடுத்த முறை இன்னும் தூரத்துக் கோயிலில் கொண்டுபோய் விடுவான். பென்ஷனையோ வீட்டையோ எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருந்தால் மட்டும் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

போக இடமில்லாதவர்களுக்குக் காப்பகம் நிரந்தர வீடாகிவிடக் கூடாது. சென்னையில் 1993-இல் வீதியோரத்து மனநோயுற்ற பெண்களுக்காகத் தொடங்கிய ‘தி பான்யன்’, 2015 முதல் வேறொன்றைச் செய்து காட்டியது. பல ஆண்டுகள் விடுதியில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்துச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடிவைத்து, உதவிக்கு ஒரு பணியாளரையும் வைத்தார்கள். அவர்களே சமைத்தார்கள், கடைக்குப் போனார்கள், பக்கத்து வீட்டோடு சண்டையும் போட்டார்கள். ஐரோப்பாவில் பின்லாந்து 2008 முதல் பிடித்துக்கொண்ட வழியும் இதற்குத் தூரமில்லை: குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு என்றில்லாமல், முதலில் சாவியைக் கொடு, மற்றதைப் பிறகு பேசு.

மேல்மலையனூரில் இதைச் செய்ய நகரம் தேவையில்லை. தெருவுக்கு இரண்டு ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது; பிள்ளைகள் சென்னையில். மூன்று ஆயாக்கள் ஒரு வீடு. 2023 ஆகஸ்ட் முதல் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், மூவருக்கு 3,600. ரேஷன் அரிசிக்குக் காசில்லை, ஒற்றை ஆளுக்கும் குடும்ப அட்டை கிடைக்கும். பற்றாததற்கு நூறு பொட்டல அன்பர் இருக்கிறார். ஆள் சேர்க்கும்போது கட்டாயப்படுத்தாதீர்கள்; காப்பகத்தில் யார் யாரோடு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்தால் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் தயங்கினால் ஊராட்சித் தலைவரையோ கோயிலோடு தொடர்புள்ள பெரியவர் ஒருவரையோ மூன்று மாத முன்பணத்துக்கு ஜாமீன் நிற்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். காகிதத்துக்கு முகவரி வேண்டும். வீடற்றவருக்கு முகவரி ஏது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்கும்போது ஒன்று சொல்லுங்கள்: வாக்காளர் பட்டியலில் வீடற்றவரைச் சேர்க்கத் தேர்தல் ஆணையத்துக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று நேரில் பார்த்தால் போதும். அங்கிருந்து தொடங்குங்கள், மற்ற அட்டைகளுக்கு அது பிடிமானமாகும்.

கடைசியாக, சுவரில் எழுத வேண்டிய எண்கள். அடிபட்டவர், மயங்கியவர் என்றால் 108. மனநல ஆலோசனைக்கு 14416. கைவிடப்பட்ட முதியவருக்கு 14567. பெண்களுக்கு 181. தனியாக நிற்கும் குழந்தைக்கு 1098. இவற்றோடு உங்கள் காப்பகத்தின் எண்ணையும் சேர்த்துப் பெயிண்டால் எழுதுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவர் வேண்டாம், பஸ் நிறுத்தத்து டீக்கடைச் சுவரில் எழுதுங்கள். பையன் டீ வாங்க வரவேயில்லை என்று முதலில் தெரிவது டீக்கடைக்காரருக்குத்தான்.